பொக்லைனும் அறுபது ஓமும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசமாச்சு. பரிட்சை, ப்ராஜெக்ட், நடுவுல ஒரு வாரம் ஜுரம்னு நாள் ஓடிப்போச்சு. மாண்ட்ரியல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், இந்த ஊருக்கு ரெண்டே பருவம்தான். ஒண்ணு பனி, இன்னொண்ணு ஆரஞ்சு கலர் கோன். பனி உருகினதும் தெருவைப் பேக்க ஆரம்பிச்சிடுவாங்க. இப்போ என் ஜன்னலுக்கு நேர் எதிர்ல ஒரு எக்ஸ்கவேட்டர் நிக்குது. காலைல ஏழு மணிக்கு எனக்கு அதுதான் அலாரம்.

அதைப் பார்க்கிறப்பல்லாம் ராசிபுரம் மாமா ஞாபகம் வரும். இந்தப் பதிவே அவருக்கு நான் பட்ட கடன்தான். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் ஒயர், கடைசியில கொஞ்சம் புலம்பல். நீளமான பதிவு. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

மாமாவின் போன்

மாமாகிட்ட ஒரு பழைய மெஷின் இருக்கு. இருபது டன் ரகம். வேற மாநிலத்துல ஒன்பதாயிரம் மணி நேரம் ஓடி முடிச்சு, மூணாவது கையா அவர்கிட்ட வந்தது. பண்ணைக்குட்டை வெட்டறது, கிணறு ஆழப்படுத்தறது, லேஅவுட்டுக்கு நிலம் சமன்படுத்தறதுன்னு எந்நேரமும் வேலை இருக்கும். நான் கனடா வர்றப்போ கட்டின முதல் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அந்த மெஷின் தோண்டின மண்ணுல இருந்து வந்ததுதான்.

போன வருஷம் ஒரு நாள் கூப்பிட்டார். "மாப்ள, டிஸ்ப்ளேல தொடர்பு இல்லைங்கிற மாதிரி என்னமோ வருதுடா. வந்தவுடனே இன்ஜின் சத்தம் இறங்கிப்போகுது, பக்கெட் தூக்க மாட்டேங்குது. அணைச்சுப்போட்டு அரைமணி நேரம் கழிச்சு எடுத்தா ஓடுது. நீ அதைத்தானே படிக்கிற, என்னன்னு பாத்துச் சொல்லு."

நான் சொன்ன பதில் இது: "அது கம்பெனி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தாத்தானுங்க மாமா தெரியும். நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

சொல்லிட்டு போனை வச்சிட்டேன். அந்த ஒரு வரிக்கு மாமா கொடுத்த விலை எழுபத்தஞ்சாயிரம் ரூபா. எப்படின்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த மெஷினுக்குள்ள "தொடர்பு"ங்கிற சமாச்சாரம் எப்படி வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

பேர் வந்த கதை

என் அறை நண்பன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன் ஊர்ல இதைப் "பெக்கோ"ங்கிறாங்க. நம்ம ஊர்ல பொக்லைன். சிலர் ஹிட்டாச்சி, சிலர் எதைப் பார்த்தாலும் ஜேசிபி. மாண்ட்ரியல்ல பிரெஞ்சுக்காரங்க சொல்றது "பெல் மெகானிக்", அதாவது எந்திர மண்வெட்டி. கூடப் படிக்கிற ஒரு கியூபெக் பொண்ணுகிட்ட "எங்க ஊர்ல இதுக்குப் பேரு பொக்லைன்"னு சொன்னேன். அவங்களுக்கு அந்த வார்த்தையே தெரியல. ஆனா அது பக்கா பிரெஞ்சுப் பேரு! பிரெஞ்சு பேசற ஊர்ல யாரும் சொல்லாத ஒரு பிரெஞ்சுப் பேரை ராசிபுரத்துல டீக்கடையில சொல்றோம் :)

பாரிசுக்கு வடகிழக்கே ல ப்லெசி பெல்வில்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த ஒரு பண்ணையோட பேர்தான் பொக்லைன். 1927-ல் ஜார்ஜ் பட்டாய் என்பவர் அங்கே விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை தொடங்கினார். அந்தப் பட்டறைதான் 1951-ல் ஹைட்ராலிக்கில் இயங்கும் தன் முதல் தோண்டு எந்திரத்தை வெளியிட்டது. 1961-ல் வந்த டிஒய்45 என்ற மாடல், முழுக்க ஹைட்ராலிக்கில் இயங்கி, முழு வட்டமாகச் சுழலும் எக்ஸ்கவேட்டர்களுக்கு முன்னோடி. 1970களில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பொக்லைனோடு கூட்டு வைத்து இந்தியாவில் இவற்றைத் தயாரித்தது. மெஷின் மேலே எழுதியிருந்த பேர் அப்படியே மெஷினுக்கே பேராயிடுச்சு. பிரான்சில் அந்தக் கம்பெனியின் எக்ஸ்கவேட்டர் தொழில் 1980களில் அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்துக்குக் கை மாறிவிட்டது. ஆனா நம்ம பேப்பர்ல ஆக்கிரமிப்பு அகற்றம்னு செய்தி வந்தா இன்னிக்கும் பொக்லைன்தான்.

அந்தக் காலத்து மெஷின்ல கோளாறுன்னா கண்ணுக்குத் தெரியும். ஹோஸ் வெடிச்சா எண்ணெய் பீச்சியடிக்கும். சீல் போனா சிலிண்டர் நனையும். பம்ப் போனா சத்தம் மாறும். நல்ல மெக்கானிக் பத்தடி தள்ளி நின்னு காது கொடுத்தே நோயைச் சொல்லிடுவார். லீவரை அசைச்சா எண்ணெய் நகரும், எண்ணெய் நகர்ந்தா வால்வு திறக்கும். நடுவுல வேற யாரும் இல்லை.

நடுவுல ஆள் வந்தது எப்படி?

ரெண்டு காரணம். முதல் காரணம் டீசல். இன்ஜினுக்கு எவ்வளவு சக்தி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி பம்ப் எண்ணெய் தள்ளணும். அதிகமாத் தள்ளினா இன்ஜின் திணறும், குறைச்சாத் தள்ளினா டீசல் வீண். இந்தக் கணக்கை நொடிக்கு நொடி போட ஒரு கன்ட்ரோலர் தேவைப்பட்டது. ரெண்டாவது காரணம் புகை. அமெரிக்காவில் சாலையில் ஓடாத டீசல் எந்திரங்களுக்கான முதல் கட்ட மாசு விதிகள் 1996-ல் நடைமுறைக்கு வரத் தொடங்கின. ஒவ்வொரு கட்டமாக இறுகி, நான்காம் கட்டத்தின் கடைசிப் படி 2014 வாக்கில் வந்தது. இந்த விதிகளைத் தாண்ட, டீசலை எப்போது, எவ்வளவு, எத்தனை தவணையாகத் தெளிப்பது என்பதை மின்னணு முறையில் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஆக, இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், பம்புக்கு ஒண்ணு, ஓட்டுநர் முன்னாடி ஒரு டிஸ்ப்ளே. இவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசியாகணும். ஒவ்வொரு சேதிக்கும் தனித்தனி ஒயர் இழுத்தா மெஷின் முழுக்க ஒயர்தான் இருக்கும், பக்கெட்டுக்கு இடம் இருக்காது.

இதே தலைவலி கார் கம்பெனிகளுக்கு ஏற்கனவே வந்திருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் இதற்கு ஒரு வழி தேட ஆரம்பித்தது. ஊவே கீன்கே என்பவரும் அவரது குழுவினரும் அதை 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டில் வெளியிட்டார்கள். அதுதான் கேன் பஸ். (கேன்னா தண்ணி கேன் இல்லீங்க, கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்.) 1987-ல் இன்டெல் அதற்கான முதல் சில்லை வெளியிட்டது, பின்னாலேயே பிலிப்சும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் கார்களில் ஏறியது. 1993-ல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமாகவும் ஆனது.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: கார் மட்டுமில்லை, ஆரம்பத்திலேயே கேனைப் பிடிச்சுக்கிட்டவங்கள்ல லிஃப்ட் கம்பெனிக்காரங்களும் நெசவு எந்திரம் செய்யறவங்களும் உண்டு. தறி ஓடற ஊர்க்காரங்க பெருமைப்பட்டுக்கலாம்.

பஸ்ஸுக்குள்ள என்ன நடக்குது?

ரெண்டே ஒயர். ஒண்ணு மேலோட இன்னொண்ணு முறுக்கியிருக்கும். ஒண்ணுக்கு ஹை, இன்னொண்ணுக்கு லோன்னு பேரு. யாரும் பேசாதப்போ ரெண்டுலயும் சுமார் 2.5 வோல்ட். பேசறப்போ ஒண்ணு 3.5-க்கு ஏறும், இன்னொண்ணு 1.5-க்கு இறங்கும். கேக்கிறவர் பார்க்கிறது ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். வெளியிலிருந்து இரைச்சல் வந்தா ரெண்டு ஒயர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறும், அதனால வித்தியாசம் பெருசா மாறாது. முறுக்கின காரணம் இதுதான்.

நம்ம டவுன் பஸ்ஸையே எடுத்துக்குங்க. கண்டக்டர் "ஆண்டகலூர் கேட்"னு கத்துவார். பஸ்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்கும். அங்க இறங்கறவங்க மட்டும் எழுந்திருப்பாங்க. கேன் அதே மாதிரிதான். இன்ஜின் கன்ட்ரோலர் "வேகம் 1800"னு பொதுவாச் சொல்லும். தேவைப்படறவங்க எடுத்துக்குவாங்க.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாய் திறந்தா? கல்யாண வீட்டு வழக்கம்தான். வயசுல சின்னவர் நிறுத்திக்குவார், பெரியவர் பேச்சு தடைபடாமப் போகும். இங்கே எண் சின்னதா இருந்தா மரியாதை பெருசு. சின்ன எண் உள்ள சேதிதான் முதல்ல போகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அடுத்தது. ஒருத்தர் தப்புத் தப்பாப் பேசிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? ஒவ்வொருத்தரும் தன் தப்பைத் தானே எண்ணிக்குவாங்க. எண்ணிக்கை 127-ஐத் தாண்டினா குரலை அடக்கிக்கணும். பேச்சுத் தப்பு 255-ஐத் தாண்டினா தானே வாயை மூடிக்கிட்டு ஒதுங்கிடணும். ஊர்ல பல பேருக்கு இல்லாத நாகரிகம் :)

கேனுக்கு மேலே லாரிகளும் கனரக எந்திரங்களும் பேசறதுக்கு ஒரு பொது மொழி வேணும்னு அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1990களில் உருவாக்கியதுதான் ஜே1939. இதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண். 100 என்றால் இன்ஜின் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் சூடு, 190 என்றால் இன்ஜின் வேகம். கோளாறின் வகைக்கு இன்னோர் எண். 9 என்றால் சேதி வர வேண்டிய இடைவெளியில் வரவில்லை. 19 என்றால் வந்த சேதியிலேயே பிழை. 639 என்றால் அந்த நெட்வொர்க்கிலேயே சிக்கல்.

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழற இடம். "இன்ஜின் கன்ட்ரோலர்ல இருந்து சேதி வரல"ன்னு டிஸ்ப்ளே சொல்லுதுன்னா, அதுக்கு அர்த்தம் டிஸ்ப்ளேக்குக் கேக்கலைங்கிறது மட்டும்தான். சொன்னவர் சொல்லலையா, கேட்டவர் காது மந்தமா, நடுவுல ஒயர் போச்சா, சொன்னவருக்குக் கரன்ட் வந்துச்சா, எதுவும் அந்தக் கோடுல கிடையாது. புகார் கொடுத்தவரும் குற்றவாளி இல்லை, புகார்ல பேர் இருக்கிறவரும் குற்றவாளின்னு முடிவு இல்லை.

மாமா விஷயத்துல நடந்தது இதுதான். ஒரு இடத்துல மெஷினைக் காட்டினார். கோடைப் படிச்சுட்டு "கன்ட்ரோலர் போச்சு, புதுசு மூணு லட்சம் ஆகும்"னாங்க. மாமாவுக்கு தவணை வேற நிக்குது. பழைய மெஷின் பிரிக்கிற இடத்துல ஒரு கன்ட்ரோலரை எழுபத்தஞ்சாயிரத்துக்கு வாங்கி மாட்டினாங்க. அது வேற வருஷத்து மாடல், உள்ளே இருந்த சாஃப்ட்வேரும் வேற. டிஸ்ப்ளே அதை அடையாளமே கண்டுக்கல. பழசையே திருப்பி மாட்டினாங்க. கோளாறு அப்படியே இருந்தது. பணம் போனதுதான் மிச்சம்.

1858-லயும் இதே கதை

அத்தை போன்ல இதைச் சொன்ன அன்னிக்கு நான் நூலகத்துல வேற ஒரு பாடத்துக்காகத் தந்தி வரலாறு படிச்சுட்டிருந்தேன். மாண்ட்ரியலுக்கும் தந்திக்கும் பழைய உறவு உண்டு. மாண்ட்ரியல் டெலிகிராஃப் கம்பெனி 1847-லேயே இங்கே தொடங்கப்பட்டது. ஆனா என்னை நிறுத்தினது இன்னும் கிழக்கே நடந்த கதை.

1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கேபிள் போட்டு முடித்தார்கள். விக்டோரியா ராணியின் 98 வார்த்தை வாழ்த்து கடலைத் தாண்ட 16 மணி நேரம் ஆனது. சேதி அவ்வளவு மங்கலாக வந்தது. கேபிள் கம்பெனியில் ரெண்டு கட்சி. வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) சின்ன மின்னோட்டத்தையும் காட்டக்கூடிய கண்ணாடி கால்வனாமீட்டரை வைத்து அளந்து பார்க்கச் சொன்னார். மின்பொறுப்பில் இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ், சுமார் 2000 வோல்ட்டை உள்ளே அனுப்பினார். ஏற்கனவே பலவீனமாக இருந்த கேபிள் சில வாரங்களில் மொத்தமாகச் செத்தது. விசாரணையில் பழி வைட்ஹவுஸ் மேல் விழுந்தது.

ஒயர்ல கோளாறுன்னா ரெண்டே வழி. ஒண்ணு அளக்கறது. இன்னொண்ணு அடிக்கறது. எதையாவது மாத்திப் பார்க்கறதும் அடிக்கற கட்சிதான், என்ன, கொஞ்சம் செலவு அதிகம். நான் மாமாவை அந்தக் கட்சிக்கு அனுப்பிட்டேன். இத்தனைக்கும் அதுக்கு முந்தின செமஸ்டர்ல கேன் பஸ் பத்தின பத்து மார்க் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான். மெஷின்னு வந்ததும் "கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாம முடியாது"ங்கிறது எனக்கே மனசுல ஊறிப்போயிருந்தது. தொட்டுப் பார்க்கவே யார்கிட்டயோ அனுமதி வாங்கணும்னு ஒரு நினைப்பு.

அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே காலைல ஏழரை. "மாமா, மல்டிமீட்டர் இருக்குங்களா?"

"மெக்கானிக் தம்பிகிட்ட இருக்கு. முந்நூறு ரூபா மீட்டர். ஆகுமா?"

"ஆகுங்க மாமா."

அறுபது ஓம்

கேன் பஸ்ஸோட ரெண்டு முனையிலயும் ஹைக்கும் லோக்கும் நடுவுல ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும். ஏன்? கிணத்துக்குள்ள கத்தினா குரல் அடியில மோதி எதிரொலிக்குதில்லையா? ஒயர் சட்டுன்னு முடிஞ்சா சேதியும் அதே மாதிரி முட்டித் திரும்பி வந்து அடுத்த சேதியோட கலக்கும். அந்த ரெசிஸ்டர் எதிரொலியைக் குடிச்சிடும். ரெண்டு 120 ஓம் பக்கவாட்டுல சேர்ந்தா மொத்தம் 60. இன்ஜினை நிறுத்தி, பேட்டரியைக் கழட்டிட்டு, டயக்னாஸ்டிக் கனெக்டர்ல ஹைக்கும் லோக்கும் நடுவுல மீட்டரை வச்சா சுமார் 60 காட்டணும்.

60 காட்டினா ரெண்டு முனையும் உயிரோட இருக்கு. 120 காட்டினா ஒரு முனை காணோம், இல்லைன்னா வழியில எங்கயோ ஒயர் அறுந்திருக்கு. 40 காட்டினா யாரோ மூணாவதா ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்காங்க. பூஜ்ஜியத்துக்கிட்ட வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சு. இவ்வளவுதான். லேப்டாப் வேணாம், பாஸ்வேர்டு வேணாம். (கன்ட்ரோலருக்கு உள்ளேயே ரெசிஸ்டர் வச்ச மெஷினும் உண்டு. அதுல கன்ட்ரோலரைக் கழட்டிட்டு அளந்தா கணக்கு மாறும், கவனம்.)

மாமா மெஷின்ல சீட்டுக்குப் பின்னாடி ஒன்பது ஊசி உள்ள வட்டக் கனெக்டர் இருந்தது. அந்த வகையில சி, டின்னு குறிச்சிருக்கிற ரெண்டுதான் ஹையும் லோவும். வீடியோ கால்ல மெக்கானிக் அண்ணன் மீட்டரை வச்சார். மாமா போனைப் பிடிச்சிருந்தார், கை நடுங்கிட்டே இருந்ததால பாதி நேரம் கூரைதான் தெரிஞ்சது.

"நூத்தி இருவதுங்க தம்பி. நூத்தி பத்தொம்பது, நூத்தி இருவது."

எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ஒரு முனை காணோம்.

எங்கே போச்சு? ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனாங்க. இதுக்கு அரை மணி நேரம். கேபினுக்குப் பின்னாடி ஒரு பெட்டிக்குள்ள ஒயரை வெட்டி, கறுப்பு டேப் சுத்தி வச்சிருந்தாங்க. முன்னாடி வச்சிருந்தவங்க அங்கே இருந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழட்டி எடுத்திருக்காங்க. அந்தப் பக்கம் இருந்த ரெசிஸ்டரும் அதோட போயிடுச்சு.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் எக்ஸ்கவேட்டரைத் திருடிக்கொண்டு போய், அதை வைத்தே ஏடிஎம் எந்திரங்களைப் பெயர்த்தெடுக்கும் திருட்டு நடந்தது. மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தேவலை என்று கோமாட்சு நிறுவனம் கண்காணிப்புப் பெட்டியை வைக்க ஆரம்பித்தது. 2001 முதல் ஜப்பானில் விற்ற மெஷின்களில் அதை வழக்கமாகவே வைத்தார்கள். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. மெஷின் கை மாறும்போது, புது ஆளுக்குப் பழைய கண் எதற்கு என்று கழட்டிப் போடுபவர்கள் உண்டு. கழட்டறது தப்பில்லை. கண்ணோட சேர்த்து நரம்பையும் வெட்டறதுதான் தப்பு.

ஒரு முனை இல்லாமலேயே இத்தனை மாசம் எப்படி ஓடுச்சு? நொடிக்கு 2,50,000 பிட் வேகத்துல, சின்ன ஒயர்ல, ஒரு ரெசிஸ்டரோட பஸ் பல சமயம் சமாளிச்சுக்கும். ஆனா விளிம்புல ஓடும். அதோட வேற ஒரு சின்னக் குறை சேர்ந்தா அவ்வளவுதான். அந்தச் சின்னக் குறையும் கிடைச்சது. மீட்டரை வச்சபடியே ஒயர் கட்டை அங்கங்கே ஆட்டச் சொன்னேன். கேபின் தரைக்கு அடியில ஒரு கனெக்டரை ஆட்டினப்போ மட்டும் எண் தாவுச்சு. பிரிச்சா உள்ளே ஊசி பச்சை பூத்திருந்தது. ப்ரெஷர் வாஷ் பண்ற தண்ணி உள்ளே போயிருக்கணும். (மாண்ட்ரியல்ல இதே வேலையை ரோட்டுல போடற உப்பு பார்த்துக்குது.)

கனெக்டரைச் சுத்தம் பண்ணி ஊசியை மாத்தினாங்க. நாமக்கல்ல எலக்ட்ரானிக்ஸ் கடையில வாங்கின 120 ஓம் ரெசிஸ்டரை வெட்டின முனையில பத்த வச்சு, தண்ணி புகாத மாதிரி மூடினாங்க. திரும்ப அளந்தா அறுபது. மெஷின் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடுச்சு. ரெசிஸ்டர் விலை ரெண்டு ரூபா.

மாமா எழுபத்தஞ்சாயிரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "சாப்பிட்டயா மாப்ள?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டார். திட்டியிருந்தா கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

பூட்டும் சாவியும்

எல்லாக் கோளாறும் ரெண்டு ரூபாயில தீராது. உண்மையிலேயே கன்ட்ரோலர் போகும். மாத்தினா அதுக்கு அந்த மெஷினோட விவரத்தைச் சொல்லிக் கொடுக்கணும். அதுக்கு சாஃப்ட்வேர் வேணும், அது பூட்டின பெட்டிக்குள்ள இருக்கும். இந்தப் பூட்டைச் சட்டமும் காவல் காத்தது. கனடாவில் 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. பாட்டையும் படத்தையும் காப்பாத்தப் போட்ட பூட்டு, டிராக்டரையும் பொக்லைனையும் ரிப்பேர் பண்ணறவங்க கையிலயும் மாட்டிக்கிச்சு.

அது மாறத் தொடங்கியிருக்கு. 2024 நவம்பர் 7 அன்று கனடாவில் சி-244, சி-294 என்று ரெண்டு மசோதாக்கள் சட்டமாயின. முதலாவது, கோளாறு கண்டறியவும் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் பூட்டைத் தாண்ட அனுமதிக்கிறது. ரெண்டாவது, ஒரு பொருளை இன்னொன்றோடு பேச வைப்பதற்காகத் தாண்ட அனுமதிக்கிறது. கியூபெக் 2023-லேயே பழுது பார்க்கும் உரிமைக்குத் தனிச் சட்டம் போட்டது, ஆனா அது நுகர்வோருக்கானது. தொழிலுக்கு வாங்கின மெஷின் அதுல வராது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் வண்டிகளும் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள்.

நல்லதுதான். ஆனா கனடாச் சட்டம் பூட்டைத் தாண்டலாம்னுதான் சொல்லுது. சாவியைக் கொடு, கையேட்டைக் கொடுன்னு கம்பெனியைக் கட்டாயப்படுத்தல. இன்னும் தூரம் போகணும்.

ஆனா எனக்கு உறுத்தறது வேற. மாமாவோட கோளாறு எந்தப் பூட்டுக்குள்ளயும் இல்லை. 120 ஓம்ங்கிறது எந்தக் கம்பெனியோட ரகசியமும் இல்லை, அச்சடிச்ச தரம். 60-ஐ அளக்க எந்த நாட்டுச் சட்டமும் தடுக்கல. தடுத்தது நான். பொக்லைன் காலத்து மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் காதுக்குப் பதிலா இப்போ முந்நூறு ரூபா மீட்டர் இருக்கு. ஆனா நடுவுல எங்கயோ, "இது நமக்கில்ல, உள்ளே கம்ப்யூட்டர் இருக்கு"ன்னு நாமளே ஒரு பூட்டைச் செஞ்சு மாட்டிக்கிட்டோம். படிச்சவன் நான்தான் முதல்ல மாட்டினேன், படிக்காத மாமா கையிலயும் அதைக் கொடுத்தேன்.

இப்போ மெக்கானிக் அண்ணன் பழைய மெஷின் வாங்கப் போறவங்களோட கூடப் போறாராம். டீசல், ஹைட்ராலிக் பார்க்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டி, அந்த ரெண்டு ஊசியில மீட்டரை வைக்கிறாராம். மாமாதான் சொன்னார், பெருமையா. எண் அறுபது வரலைன்னா விலையைக் குறைச்சுக் கேக்கிறாராம்.

எதிர்ல நிக்கிற எக்ஸ்கவேட்டர் இப்போதான் நிறுத்தினாங்க. ஓட்டற பெரியவர் இறங்கிக் காபி குடிக்கிறார். ஒரு நாள் போய்ப் பேசணும். பொக்லைன்னு சொன்னா அவருக்காவது தெரியுதான்னு பார்க்கணும்.

டிஸ்கி: பேட்டரியைக் கழட்டாம ஓம் அளந்துட்டு, எண் தப்பா வருதுன்னு பின்னூட்டத்துல என்னைத் திட்டக்கூடாது, சொல்லிட்டேன். உங்க ஊர்ல இந்த மெஷினுக்கு என்ன பேருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.